கிளாத்தியும் கண்ணாடித் தொட்டியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது இன்று நம் ஊர்களிலும் பரவிவிட்ட பழக்கம். தங்கமீன், கப்பி, மோலி, கௌராமி ஆகியவற்றைப் பார்த்திராத மாணவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. இவையெல்லாம் நன்னீர் மீன்கள். கொஞ்சம் கவனம் இருந்தால் போதும், எப்படியோ பிழைத்துக்கொள்ளும். கடல் மீனை வீட்டில் வளர்ப்பது அப்படிப்பட்டதன்று. அதிலும், அடுத்த மீனைக் கண்டால் பாய்ந்து கடிக்கும் முரட்டுக் கடல் மீனை வளர்ப்பது என்றால் அதற்குக் கொஞ்சம் உயிரியலும், கொஞ்சம் வேதியியலும், நிறையப் பொறுமையும் வேண்டும். அத்தகைய ஒரு மீனைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகிறேன்.

கடல் உயிர்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்கும் ஆசை பழையது. 1853-இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் என்ற ஆங்கில இயற்கை அறிஞர் ‘அக்வேரியம்’ என்ற சொல்லையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதினார். நம் மாநிலமும் இதில் பிந்திவிடவில்லை. 1909-இல் சென்னை மெரினாக் கடற்கரையில் கடல்மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. ஆனால் காட்சியகம் வேறு, வீடு வேறு. காட்சியகத்திற்குக் கடல் பக்கத்தில் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள். வீட்டில் எல்லாவற்றையும் ஒருவரே செய்தாக வேண்டும்.

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். நான் மீனவர் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா மன்னார் வளைகுடாவில் தொழில் செய்பவர். அம்மா கூடையில் மீன் விற்பவர். எங்கள் ஊர் மருந்துக்கடை அண்ணாச்சி வீட்டில் ஐந்தடி நீளமுள்ள கடல்மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. கடந்த பதினான்கு மாதங்களாகக் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் அதைப் பராமரிப்பது என் வேலை. அவர் கொடுக்கும் மாதச் சம்பளத்தில் என் தேர்வுக் கட்டணமும் நோட்டுப் புத்தகச் செலவும் அடங்கிவிடுகின்றன. ஆகவே அந்தத் தொட்டியில் உள்ள மீன் நலமாக இருப்பது அதற்கு மட்டுமன்றி எனக்கும் முக்கியமாயிற்று.

கிளாத்தி என்னும் மீன்

அந்த மீன் கிளாத்தி இனத்தைச் சேர்ந்தது. நம் கடற்கரையில் கிளாத்தி என்றால் தெரியாதவர் இல்லை. பாலிஸ்டிடே என்னும் குடும்பத்தில் ஏறக்குறைய நாற்பது சிற்றினங்கள் உள்ளன. அண்ணாச்சி வீட்டுத் தொட்டியில் இருப்பது பிக்காசோ கிளாத்தி. ரைனகாந்தஸ் அக்யூலியேட்டஸ் என்பது அதன் அறிவியற் பெயர். வெண்மையான உடலில் நீலம், மஞ்சள், பழுப்புக் கோடுகள் யாரோ தூரிகையை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவிட்டதுபோல் இருப்பதால் அந்த ஓவியரின் பெயர் வந்தது. ஹவாய்த் தீவினர் இதற்கும் இதன் உறவு மீனுக்கும் வைத்திருக்கும் பெயர் ‘ஹுமுஹுமுநுகுநுகுஆபுவா’. பன்றி மூக்குடைய கிளாத்தி என்பது அதன் பொருள். அந்த உறவு மீனை ஹவாய் மாநிலத்தின் மீனாக 1985-இல் அறிவித்து, 2006-இல் நிரந்தரமாக்கினார்கள். பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்த என் வகுப்பு நண்பர்கள் எவரும் இதுவரை வென்றதில்லை.

லின்னேயசின் 1758-ஆம் ஆண்டு நூலில் இந்த மீன் பாலிஸ்டஸ் என்ற பேரினத்தில் இடம்பெற்றது. பாலிஸ்டா என்பது இலத்தீனில் கல்லெறியும் போர்க்கருவியைக் குறிக்கும். ஏன் அந்தப் பெயர் என்பது முதுகைப் பார்த்தால் விளங்கும். முதுகுத் துடுப்பின் முதல் முள் தடித்தது. அதை மீன் நிமிர்த்தியவுடன் பின்னால் உள்ள சிறிய இரண்டாம் முள் ஆப்புப்போல் அதன் அடியில் வந்து பொருந்திக்கொள்ளும். அதன்பின் முதல் முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. இரண்டாம் முள்ளை அழுத்தினால் உடனே மடங்கிவிடும். துப்பாக்கியின் விசையைப் போன்றது இது.

இந்தப் பாடத்தை நான் முதலில் கற்றது வகுப்பறையில் அன்று. வலையில் சிக்கிய கிளாத்தியை அப்பா எடுக்கும்போது பெரிய முள்ளைத் தொடமாட்டார். பின்னால் உள்ள சின்ன முள்ளைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டுவார், மீன் வலையைவிட்டு வழுகி வந்துவிடும். முதலாண்டில் பேராசிரியர் இந்த அமைப்பைக் கரும்பலகையில் வரைந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது. அன்று மாலை நோட்டைத் திறந்து அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். “இதுக்குப் போயி படம் போடுறாங்களாக்கும்” என்று சொல்லிவிட்டு, என் படத்தில் இரண்டாம் முள் சற்றுப் பெரிதாக இருப்பதைச் சுட்டிக் காட்டினார்.

கிளாத்தியின் உடலில் ஒவ்வொரு பகுதியும் கடினமான இரையை உடைப்பதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. வாய் சிறியது. ஆனால் தாடை மிகவும் வலிமையானது. ஒவ்வொரு தாடையிலும் வெளி வரிசையில் உளிபோன்ற எட்டுப் பற்கள் உள்ளன. நண்டின் ஓடு, மட்டியின் சிப்பி, கடல் முள்ளெலியின் கூடு எதுவும் இவற்றுக்குத் தாங்காது. கண்கள் வாயிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஏறக்குறைய முதுகின் விளிம்பருகே அமைந்துள்ளன. முள்ளெலியைக் கடிக்கும்போது முட்கள் கண்ணில் குத்தாமலிருக்க இது உதவும். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே சுழலக்கூடியது. ஹான்ஸ் ஃப்ரிக்கே என்ற ஜெர்மானிய ஆய்வாளர் செங்கடலில் கிளாத்திகளைக் கவனித்து 1970-களில் எழுதினார். முள்ளெலியின் அடிப்புறத்தில் முட்கள் குறைவு என்பதால், கிளாத்தி வாயிலிருந்து நீரைப் பீய்ச்சியடித்து அதைப் புரட்டிப் போட்டுவிட்டுப் பின்னர்க் கடிக்கிறதாம்! இதே பீய்ச்சலைக் கொண்டு அண்ணாச்சி வீட்டு மீன் தொட்டி மணலில் தினமும் பள்ளம் தோண்டுகிறது. காலையில் நான் சமப்படுத்தினால் மாலையில் மறுபடியும் பள்ளம் இருக்கும்.

அறிவும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பிக்காசோ கிளாத்திகளுக்குப் பயிற்சி கொடுத்து, கண் மருத்துவர் காட்டும் புள்ளிப் படங்களைப் போன்ற படங்களில் நிறம் மாறிய புள்ளியைக் கொத்தினால் இரை கிடைக்கும் எனப் பழக்கியிருக்கிறார்கள். மீனும் அதைக் கற்றுக்கொண்டது. நான் எந்தப் பயிற்சியும் கொடுக்காமலேயே எங்கள் தொட்டி மீன் என் சிவப்பு டப்பாவை அறிந்து வைத்திருக்கிறது. டப்பாவுடன் போனால் கண்ணாடிக்கு வந்துவிடும். வெறுங்கையுடன் போனால் பாறைக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணால் பார்க்கும்.

ஏன் சண்டையிடுகிறது?

இப்போது கட்டுரையின் முக்கியப் பகுதிக்கு வருகிறேன். கிளாத்தியைக் ‘கெட்ட மீன்’ என்று மீன்காட்சிப் பிரியர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் கெட்ட குணம் என்று சொன்னால் அதற்குமேல் சிந்திக்க ஒன்றுமில்லை. ஆஸ்திரிய விலங்கியலார் கொன்ராட் லோரென்ஸ் தம் தொட்டிகளில் பவளப்பாறை மீன்களை வளர்த்துப் பார்த்து, அவை எல்லாவற்றையும்விடத் தம் சொந்த இனத்தையே அதிகம் தாக்குகின்றன எனக் கண்டார். விலங்குகளின் தாக்கும் குணம் பற்றி 1963-இல் அவர் வெளியிட்ட நூல் இந்த மீன்களிலிருந்தே தொடங்குகிறது. 1973-இல் வேறு இருவருடன் நோபல் பரிசும் பெற்றார். ஓரினத்து மீன்கள் ஒன்றையொன்று விரட்டுவதால் அவை பாறை முழுவதும் பரவலாக அமைகின்றன, ஒரே இடத்தில் குவிந்து இரையைத் தீர்த்துவிடுவதில்லை என்பது அவர் விளக்கம். பளிச்சென்ற நிறங்கள் இனத்தாருக்கு விடுக்கும் எச்சரிக்கை என்றும் அவர் கருதினார். இந்த நிறக் கொள்கை எல்லா மீன்களுக்கும் பொருந்தவில்லை என்று பின்வந்தவர்கள் மறுத்தார்கள். ஆயினும் இடத்தைப் பற்றிய கருத்து கிளாத்திக்கு நன்றாகவே பொருந்துகிறது.

கிளாத்திகள் கடலடியில் முட்டையிட்டுக் காவல் காக்கும். பிக்காசோ இனத்தில் விடியற்காலையில் முட்டையிடும் பெண்மீன், அன்று மாலை இருட்டியபின் குஞ்சு பொரியும்வரை அவ்விடத்தை விட்டு அகலாது. இக்குடும்பத்தின் பெரிய இனமான டைட்டன் கிளாத்தி 75 செ.மீ. வரை வளரும். அது கூடு காக்கும் காலத்தில் மூழ்குநர்களையே துரத்திக் கடிக்கும். அது காக்கும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவமானது என்றும், ஆகவே மேலே எழும்பித் தப்பாமல் பக்கவாட்டில் நீந்தித் தப்ப வேண்டும் என்றும் மூழ்குநர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பக்கவாட்டில் நீந்தித் தப்பலாம்! கடலில் உள்ள இந்த வழிதான் தொட்டியில் இல்லாமல் போகிறது. கணக்குப் பார்ப்போம். அண்ணாச்சி வீட்டுத் தொட்டி ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். அடித்தளம் பத்துச் சதுர அடி. அதாவது ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு. கடலில் பல சதுர மீட்டர் பரப்பைத் தனதென்று வைத்துக்கொள்ளும் மீனுக்கு இந்தத் தொட்டி முழுவதுமே வீட்டு முற்றந்தான். அதில் இன்னொரு மீனை விடுவது அதன் முற்றத்தில் அன்னியன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவதாகும். கடலில் தோற்ற மீன் ஓடிவிடும், வென்ற மீன் எல்லையோடு நின்றுவிடும். சண்டை சில நொடிகளில் முடியும். தொட்டியில் தோற்ற மீன் ஓடினால் நான்கடியில் கண்ணாடி வந்துவிடும். அது இன்னும் எல்லைக்குள்ளேயே இருப்பதால் வென்ற மீனின் தாக்குதலும் நிற்பதில்லை. குணம் மாறவில்லை, வெளியே போகும் வழிதான் அடைபட்டது.

இதை நான் கண்கூடாகப் பார்த்தேன். சென்ற ஆண்டு ஆவணியில் அண்ணாச்சி வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து நீல டாம்செல் மீன்கள் இரண்டு வாங்கிவந்தார். டாம்செல்லும் சண்டைக்கார இனந்தான், ஆனால் விரலளவு மீன். “தம்பி, கடைக்காரரு ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிட்டாரு” என்றார். சில நாள் தனியே வைக்கலாம் என்றேன். அன்றிரவு விருந்தினர் வந்திருந்ததால் அவருக்குக் காட்ட ஆசை. விட்டார். மறுநாள் காலையில் ஒரு டாம்செல்லின் வாற்பகுதி மட்டும் மணலில் கிடந்தது. மற்றொன்று உயிருடன் இருந்தது! எங்கே தெரியுமா? நீர் சுழற்சிக்கான அரையங்குல பி.வி.சி. குழாயின் திறந்த முனைக்குள். கிளாத்தியின் உடல் தட்டையானாலும் உயரமானது, குழாய்க்குள் நுழையாது. வாயை வைத்துக் குழாயைக் கடித்த தடங்கள் இப்போதும் அதில் உள்ளன. அந்த டாம்செல்லைப் பிறகு வேறொரு சிறு தொட்டிக்கு மாற்றினோம்.

அந்த நிகழ்ச்சிக்குப்பின் நூலகத்தில் கிடைத்ததைப் படித்தும், பேராசிரியரிடம் கேட்டும் சில முறைகளைத் தெரிந்துகொண்டேன. முரட்டு மீனைத் தொட்டியில் கடைசியாகவே விடவேண்டும். முதலில் குடிவந்தது எதுவோ அதுவே உரிமை கொண்டாடும். ஏற்கனவே இருக்கும் கிளாத்தியுடன் வேறு மீனைச் சேர்த்தே ஆகவேண்டுமெனில் பாறைகளை எல்லாம் இடம் மாற்றி அடுக்க வேண்டும். அடையாளங்கள் மாறிவிடுவதால் பழைய மீனுக்கும் அது புது இடமாகிவிடும். நடுவில் துளையிட்ட அக்ரிலிக் தடுப்பு ஒன்றை வைத்து ஒரு வாரம் இரண்டும் பார்த்துக்கொண்டிருக்கச் செய்யலாம். புதிய மீன் அளவில் பெரிதாகவும், தோற்றத்தில் கிளாத்தியை ஒவ்வாததாகவும் இருக்கவேண்டும். ஒளிந்துகொள்ள இடம் ஒன்றுக்கு மேற்பட்டிருப்பதோடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாயில்கள் இருக்கவேண்டும். ஒரே வாயிலுள்ள பொந்து பொறிக்குச் சமம். இவ்வளவும் செய்தாலும் என் கருத்து ஒன்றுதான்: ஐந்தடித் தொட்டியில் கிளாத்தி என்றால் ஒற்றைக் கிளாத்தி. அதற்குத் துணை தேடுவது நம் ஆசைக்காகவேயன்றி மீனின் ஆசைக்காக அன்று.

கடலை வீட்டுக்குள் கொண்டுவருதல்

இனி நீரைப் பற்றி. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. கடல் மீனின் இரத்தத்தில் அதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான். ஆகவே உப்பில் போட்ட மாங்காய் நீரிழந்து சுருங்குவதுபோல் கடல் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாது வெளியேறிக்கொண்டிருக்கும். இதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. அதோடு வரும் மிகுதி உப்பைச் செவுள்களில் உள்ள சிறப்புச் செல்கள் வெளியேற்றுகின்றன. சிறுநீர் மிகக் கொஞ்சமே. நன்னீர் மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. இது நம் பாடத்திட்டத்தில் உள்ளதே. ஆனால் தொட்டியைப் பராமரிக்கும்போதுதான் அதன் பொருள் புரிகிறது. உப்பின் அளவு திடீரென மாறினால் இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கும் அந்த வேலை குலைந்துவிடும்.

எங்கள் தொட்டியில் பாறை, மேல்வெளி போக ஏறத்தாழ 500 லிட்டர் நீர் நிற்கும். அதில் கரைந்துள்ள உப்பு மட்டும் 17½ கிலோ! கோடையில் தினமும் நான்கு லிட்டர்வரை ஆவியாகிறது. ஆவியாவது நீரே தவிர உப்பு அன்று. ஆகவே குறைந்த அளவை நன்னீரால் நிரப்பவேண்டும். கடல்மீன் தொட்டிதானே என்று கடல்நீரையே ஊற்றினால் நாளுக்கு 140 கிராம் வீதம் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஒரு மாதத்தில் லிட்டருக்கு 35 கிராம் என்பது 43-ஐத் தாண்டிவிடும். தொட்டிக் கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, தினமும் அந்தக் கோடுவரை குளோரின் நீக்கிய நன்னீரை ஊற்றுகிறேன். ஒப்படர்த்தியைத் திரவமானியால் பார்க்கிறேன். 1.023-க்கும் 1.025-க்கும் இடையில் நிற்கவேண்டும். இயற்பியல் ஆய்வகத்தில் மதிப்பெண்ணுக்காக நாம் மிதக்கவிடும் அதே கருவிதான்.

அடுத்தது அம்மோனியா. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் இது உண்டாகிறது. ஒருவகைப் பாக்டீரியங்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறுவகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் கொடிய நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று, நீர் மாற்றினால் குறையும். இந்தப் பாக்டீரியங்கள் வடிகட்டியிலும் பாறையிலும் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் மீன் விடக்கூடாது. பலர் தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கிப் பத்து நாளில் இழப்பது இதனால்தான். கடல்நீரில் இன்னொரு சிக்கல்: அதன் பி.எச். மதிப்பு 8.2 அளவில் இருக்கும். பி.எச். 7 உள்ள நீரோடு ஒப்பிட்டால், அதே அளவு அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு இங்கே பத்து மடங்குக்கும் அதிகம். கிளாத்தியோ பெருந்தீனி மீன், கழிவும் அதற்கேற்ப.

மாதந்தோறும் 100 லிட்டர் நீர் மாற்றுகிறோம். அதாவது இருபது லிட்டர்க் கேன்கள் ஐந்து. கரையோரக் கலங்கல் நீர் உதவாது. அப்பாவே வள்ளத்தில் திரும்பும்போது வெளிக்கடலில் மொண்டு வருவார். அதை மூடிய பீப்பாயில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடிந்து அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் எடுக்கிறேன். கடல்நீருக்கு அப்பா காசு வாங்குவதில்லை. “கடத்தண்ணிக்கு வெல சொன்னா ஊருல சிரிப்பாங்க” என்பார்.

மேலைநாட்டு நூல்கள் நீரைச் சூடாக்கும் கருவி பற்றிப் பல பக்கங்கள் எழுதுகின்றன. நமக்கு வேண்டியது குளிர்ச்சி. சித்திரையில் நீர் 30 பாகை செல்சியசைத் தாண்டும். சூடு ஏற ஏற நீரில் பிராணவாயு குறையும். மேற்பரப்பில் சிறு மின்விசிறிக் காற்றை வீசச் செய்தால் ஓரிரு பாகை குறையும், அந்த அளவுக்கு ஆவியாதலும் கூடும். மின்வெட்டு நேரத்துக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்கவேண்டும். மின்கம்பிகளை எல்லாம் கிளாத்தியின் வாய்க்கு எட்டாதபடி குழாய்க்குள் செலுத்த வேண்டும். எங்கள் மீன் ஒரு வெப்பமானியையும் இரண்டு காற்றுக்குழாய்களையும் கடித்துத் துண்டாக்கியிருக்கிறது.

உணவைப் பொறுத்தவரை கடற்கரை ஊரில் குறையில்லை. ஓட்டுடன் இறால், கணவாய்த் துண்டு, மட்டி, சிறு நண்டு ஆகியவற்றை மாற்றி மாற்றித் தருகிறேன். ஓட்டுடன் தருவதால் பற்களுக்கு வேலை கிடைத்துத் தேய்கின்றன. கையால் ஊட்டுவது வேடிக்கையாயிருக்கும், ஆனால் செய்யக்கூடாது. மூங்கில் இடுக்கி போதும். மீனை இடம் மாற்றவும் வலை கூடாது. முள் நிமிர்ந்து வலையில் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவால் நீரோடு மொண்டு எடுப்பதே நன்று. இரவில் விளக்கணைந்ததும் பாறை இடுக்கில் நுழைந்து, முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துவிடும். முதன்முதலில் பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்றே எண்ணுவர். கலைத்தால் ‘டொக், டொக்’ என்று ஒலி எழுப்பும். மார்புத் துடுப்பை உடலின் பக்கவாட்டிலுள்ள தடித்த செதில்கள்மேல் தேய்ப்பதால் இவ்வொலி உண்டாகிறது. உள்ளே உள்ள காற்றுப்பை அதைப் பெரிதாக்குகிறது.

எங்கிருந்து வருகிறது?

கோமாளி மீன் எனப்படும் சில இனங்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்திருக்கிறார்கள். கிளாத்தியைப் பொறுத்தவரை அது இன்னும் பரவலாகவில்லை. கடைக்கு வரும் கிளாத்திகள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவையே. பிடிக்கும் முறையிலும் கேடு உண்டு. 1960-களில் பிலிப்பைன்ஸ் நாட்டில் தொடங்கி, சயனைடு கரைசலைப் பாறை இடுக்குகளில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. இதனால் பவளப்பாறையும் மடிகிறது, பிழைத்த மீன்களிலும் பல பின்னர் இறக்கின்றன. நம் பக்கத்தில் 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 2001-இலிருந்து பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. ஆகவே தொட்டியின் அழகுக்காகக் கரையில் கிடக்கும் பவளக் கல்லை எடுத்துவருவதும் குற்றமாகும். எங்கள் தொட்டியில் இருப்பவை சுட்ட மண்குழாய்களும் சாதாரணக் கருங்கற்களுமே. மீன் அதைப் பற்றிக் குறைகூறவில்லை.

அண்ணாச்சி இம்மீனை வாங்கியபோது மூன்றங்குலம். இப்போது எட்டங்குலம். இவ்வினம் 30 செ.மீ. வரை வளரக்கூடியது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. எந்தக் கடலில் பிடித்தது என்பதையும் சொல்லவில்லை. வருகிற வைகாசியில் அண்ணாச்சி கடையை விற்றுவிட்டு மகனுடன் கோவையில் குடியேறப் போகிறார். தொட்டியை அங்கே கொண்டுபோக முடியாது. என் சம்பளமும் அத்துடன் நிற்கும், அது வேறு கதை. மீனை என்ன செய்வது என்பதே கேள்வி.

“கடல்ல கொண்டுபோயி விட்டுருவோம்” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் இதைப் பற்றி இரண்டு இரவு பேசினோம். எந்தக் கடல் மீன் என்றே தெரியாது, கடைத் தொட்டியில் எத்தனையோ ஊர் மீன்களோடு கிடந்து வந்தது, அதன் உடலில் ஏதேனும் ஒட்டுண்ணி இருந்து நம் கடல் மீன்களுக்குப் பரவினால் என்ன செய்வது என்றேன். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. “அப்ப அது சாவுற வரைக்கும் ஒருத்தன் பாத்துக்கிடணும்னு சொல்லு” என்றார். அதுதான் சரி. கிளாத்தி நன்கு பராமரித்தால் பத்தாண்டுக்குமேல் வாழும்.

நம் விலங்கியல் ஆய்வகத்தில் நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி ஒன்று பல காலமாக வெறுமையாக இருந்தது. துறைத்தலைவர் அதைப் பயன்படுத்த அனுமதி தந்திருக்கிறார். அண்ணாச்சி வடிகட்டியையும் பம்புகளையும் இலவசமாகத் தந்துவிட்டார். அடித்தளம் எட்டுச் சதுர அடிதான். இப்போதுள்ளதைவிடக் குறைவு. ஐந்தடிக் கண்ணாடியைச் சேதமின்றி இங்குக் கொண்டுவர இயலாது என்று தச்சர் கூறிவிட்டதால் வேறு வழியில்லை. எனவே அதில் வேறு எந்த மீனையும் விடுவதில்லை என்று பேராசிரியரிடம் உறுதி பெற்றிருக்கிறேன். மாசி முதல் வாரத்தில் கடல்நீர் நிரப்பினோம். பழைய வடிகட்டியின் சரளைக் கற்களில் ஒரு பகுதியையும் அதில் இட்டிருக்கிறோம், பாக்டீரியங்கள் விரைவில் பெருகும். ஒரு துண்டு இறாலை அழுகவிட்டு மூன்று நாளுக்கொருமுறை அம்மோனியாவைச் சோதித்து ஆய்வகச் சுவரில் வரைபடம் ஒட்டியிருக்கிறேன். இதை எழுதும் இன்று அம்மோனியா இறங்கி, நைட்ரைட் ஏறுமுகமாக உள்ளது. இரண்டும் பூச்சியத்துக்கு வந்தபின்தான் மீன் வரும்.

மே மாத விடுமுறையிலும் ஆய்வகம் காலை ஒரு மணி நேரம் திறந்திருக்கும். கோடு வரை நீர் ஊற்றவும், இரை வைக்கவும், திரவமானியைப் பார்த்துக் குறிக்கவும் முறைவைத்து வர முதலாண்டு மாணவர்கள் இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் தொட்டிக்கு அருகில் கயிற்றில் கட்டியுள்ள நோட்டில் பெயர் எழுதலாம். நீச்சல் தெரியவேண்டியதில்லை. விரலை மட்டும் தண்ணீருக்குள் விடக்கூடாது.